பங்கும் பங்கின் விலையும்



பங்கு என்னும் சொல் தமிழருக்குப் புதிதன்று. குடும்பச் சொத்தில் பங்கு, வயலில் பங்கு, வாய்க்கால் நீரில் பங்கு என்று தலைமுறை தலைமுறையாகப் பேசி வந்தவர்கள் நாம். பங்குக்கு உரியவனைப் பங்காளி என்று உறவுப் பெயராலேயே அழைத்தோம். ஆயினும், நாளிதழின் வணிகப் பக்கத்தைத் திருப்பிய மாத்திரத்தில் இதே சொல் நம்மில் பலருக்கு வேற்று மொழிச் சொல்லாகிவிடுகிறது. முக மதிப்பு, சந்தை விலை, ஈவுத்தொகை, குறியீட்டெண் என்று அடுத்தடுத்து வரும் சொற்களைக் கண்டு, "இது நமக்கு ஆகாத சங்கதி" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அல்லது அதனினும் கேடாக, பொருள் விளங்காமலே பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பதும் அந்நிறுவனத்தின் பங்கை வாங்குவதும் ஒன்றே என்று கருதுவோர் திருச்சிராப்பள்ளியிலும் உண்டு. திருவரங்கத்தின் உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் உண்டு. ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையைக் கையில் வைத்திருப்பவர்க்கு இந்த மயக்கம் ஆபத்தானது. கடன் வேறு, பங்கு வேறு. இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொண்டால் ஏனைய சொற்கள் தாமே விளங்கும். அதனை நம் காவிரிக் கரையின் வரலாற்றைத் துணைக்கொண்டு விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் சோழர் காலத்துக்குச் செல்வோம். காவிரிக் கரைக் கோயில்களின் கல்வெட்டுகளில் நுந்தா விளக்குக்கான அறக்கட்டளைகள் பல உண்டு. இறைவன் திருமுன் ஒரு விளக்கு அணையாமல் எரியும்பொருட்டு 90 அல்லது 96 ஆடுகளை ஒருவர் வழங்குவார். "சாவா மூவாப் பேராடு" என்று கல்வெட்டு அவற்றைக் குறிக்கும். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்தாக வேண்டும். மந்தை பெருகினாலும் அதே உழக்குத்தான். நோய் வந்து ஆடுகள் குறைந்தாலும் அதே உழக்குத்தான். பெருகிய குட்டிகளின் பயன் இடையருக்கு. குறைந்தால் நட்டமும் அவருக்கே. இந்த ஏற்பாட்டில் கோயில் கடன் கொடுத்தவரின் இடத்தில் நிற்கிறது. இடையரோ ஏற்றத் தாழ்வு இரண்டையும் ஏற்கும் பங்காளியின் இடத்தில் நிற்கிறார். இன்றைய வாணிகத்திலும் வைப்பு நிதி வைத்தவரும் கடன் பத்திரம் வாங்கியவரும் உழக்கு நெய்யை எதிர்பார்ப்பவர்கள். பங்கு வாங்கியவர் மந்தையின் விதியைத் தம் விதியாக ஏற்றுக்கொண்டவர்.

அப்படியானால் பங்கை விற்கவும் வாங்கவும் ஒரு சந்தை எதற்கு? விடை ஐரோப்பாவிலிருந்து கிடைக்கிறது. அங்கே முற்காலத்தில் வணிகர் பலர் கூடிக் கப்பல் அனுப்புவர். கப்பல் திரும்பியதும் ஆதாயத்தைப் பிரித்துக்கொண்டு கலைந்துவிடுவர். 1602-இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோ, போட்ட முதலை எளிதில் திருப்பித் தராமல் பல்லாண்டு கையில் வைத்து வாணிகம் செய்தது. பணம் தேவைப்பட்டவர் என் செய்வார்? கம்பெனியிடம் கேட்க இயலாது. தம் பங்கை வேறொருவருக்கு விற்க வேண்டியதுதான். ஆகவே ஆம்ஸ்டர்டாம் நகரில் அப்பங்குகளை விற்போரும் வாங்குவோரும் கூடினர். அந்தக் கம்பெனிதான் 1658-இல் நம் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது.

இங்கே ஓர் உண்மையைக் குறித்துக்கொள்ள வேண்டும். சந்தையில் நீங்கள் பங்கு வாங்கும்போது உங்கள் பணம் அந்த நிறுவனத்தின் பெட்டிக்குப் போவதில்லை. முன்பு அந்தப் பங்கை வைத்திருந்தவரின் கைக்குப் போகிறது. நிறுவனம் புதிதாகப் பங்கு வெளியிடும்போது மட்டுமே பணம் அதன் முதலாகச் சேரும்.

அடுத்து, நம் ஊருக்கே வந்த ஒரு கம்பெனியைக் காண்போம். 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு இருப்புப் பாதை வந்து சேர்ந்தது. அதை அமைத்த நிறுவனம் 1874-இல் கர்நாடிக் ரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய ரயில்வேக் கம்பெனி ஆயிற்று. பிற்காலத்தில் திருச்சிராப்பள்ளி அதன் தலைமையிடமாகவும் விளங்கியது. 1928-இல் பொன்மலைப் பணிமனை எழுந்ததும் அந்தக் கம்பெனியாலேதான்.

காவிரியைக் கண்ணாலும் காணாத இங்கிலாந்து மக்கள் இத்தகைய ரயில்வேக்களில் முதல் போட்டதன் காரணம் யாது? அரசாங்கம் அளித்த உறுதிமொழி. பழைய ரயில்வேக் கம்பெனிகளின் முதலுக்குப் பொதுவாக 5 விழுக்காடு வட்டிக்கு அரசாங்கம் பொறுப்பேற்றது. வருமானம் குறைந்தால், குறைந்ததை இந்தியக் கருவூலம், அதாவது நம் முன்னோர் கட்டிய வரி, இட்டு நிரப்பிற்று. பெயரால் அவர்கள் பங்குதாரர். உண்மையில் அவர்களுக்கு வாய்த்தது உழக்கு நெய்யே. மந்தையின் நட்டம் இந்தியக் குடிமகன் தலையில் விழுந்தது. நட்டம் என்பது மாயமாக மறைவதில்லை. ஒருவர் தப்பினால் மற்றொருவர் சுமக்கிறார் என்பதற்கு இது தக்க சான்று. இந்தக் கம்பெனியை 1944-இல் அரசாங்கமே மேற்கொண்டது. 1951-இல் அது தெற்கு ரயில்வேயில் கலந்தது.

விலை என்பது எவ்வாறு மாறுகிறது என்பதற்கும் இதுவே எளிய பாடம். 100 பவுனுக்கு ஆண்டுக்கு 5 பவுன் நிச்சயமாகக் கிடைக்கும் பத்திரம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நாட்டில் வட்டி விகிதம் 4 விழுக்காடாகக் குறைந்துவிட்டால், 5 பவுன் வருமானம் பெற வேறிடத்தில் 125 பவுன் போட வேண்டியிருக்கும். ஆகவே அந்தப் பத்திரத்தின் விலையும் 125-ஐ நோக்கி ஏறும். தாளில் அச்சிட்ட 100 மாறவில்லை. கொடுக்கும் விலை மாறிற்று. தாளில் குறித்தது முக மதிப்பு. கை மாறுகையில் கொடுப்பது சந்தை விலை.

உறுதியான வருமானமே இவ்வாறு விலை மாறுமானால், உறுதியில்லாத வருமானத்தின் விலை எத்துணை ஆட்டம் ஆடும்! அதனைப் பம்பாய் கண்டது. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அமெரிக்கப் பஞ்சு இங்கிலாந்து ஆலைகளுக்கு வருவது தடைப்பட்டது. இந்தியப் பஞ்சுக்குப் பொன் விலை கிடைத்தது. பம்பாயில் குவிந்த பணம் கண்ட கம்பெனிகளின் பங்குகளிலெல்லாம் பாய்ந்தது. 1865-இல் போர் முடிந்தது. பஞ்சு விலை சரிந்தது. 2,850 ரூபாய் வரை ஏறியிருந்த பாங்க் ஆப் பம்பாய்ப் பங்கு ஒன்று 87 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. அந்த நகரின் தரகர்கள் 1875-இல் சங்கமாக அமைந்தனர். இன்றைய மும்பைப் பங்குச் சந்தையின் தோற்றம் அதுவே.

இதற்குள் இந்தியச் சட்டத்திலும் ஒரு பெரிய மாறுதல் நேர்ந்திருந்தது. 1857-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்புடைய பொறுப்பு என்னும் கோட்பாட்டை இங்கே கொணர்ந்தது. கம்பெனி முறிந்தால் பங்குதாரர் தாம் செலுத்த ஒப்பிய தொகையை மட்டுமே இழப்பார். கடன்காரர்கள் அவர் வீட்டு வாயிலுக்கு வர முடியாது. கம்பெனிகளின் பெயருக்குப் பின்னே "லிமிடெட்" என்று காண்பதன் பொருள் இதுதான்.

இந்தக் கோட்பாட்டின் அருமையை 1906 அக்டோபர் மாதம் தமிழ்நாட்டுக்குக் காட்டிற்று. அம்மாதம் 16-ஆம் நாள் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. அடுத்த வாரத்திலேயே, 22-ஆம் நாள், சென்னையில் பெரும்புகழ் பெற்றிருந்த அர்பத்நாட் வங்கி நிறுவனம் முறிந்தது.

சுதேசிக் கப்பல் கம்பெனியின் முதல் 10 இலட்சம் ரூபாய். அது பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஏன் 25 ரூபாய்? செல்வர் மட்டுமன்றிச் சாதாரண வணிகரும் வருவாய்க்கு ஏற்பச் சேர வேண்டும் என்பதற்காக. பெரிய முதலைச் சிறு கூறுகளாக்கிப் பலர் கையில் கொடுப்பதே கூட்டுப் பங்கு முறையின் வலிமை. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. எதிரே நின்ற பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. ஆழ்ந்த பணப்பெட்டி உடையவர் நட்டத்தைத் தாங்குவர், சிறியவர் தாங்கார். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். அவர் சிறையில் இருந்தபோதே 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பங்கு வாங்கியவர்கள் போட்ட முதலை இழந்தனர். எனினும் அதற்குமேல் கம்பெனியின் கடனுக்காக அவர்களைத் துரத்த எவராலும் இயலவில்லை. நாட்டுப்பற்றால் வாங்கிய பங்கும் வாணிக விதிக்கு உட்பட்டதே என்னும் கசப்பான உண்மையையும் அவ்வீழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

அர்பத்நாட் நிறுவனமோ சில கூட்டாளிகளின் தனி வாணிகம். அங்கே பணம் வைத்திருந்தவர்கள் பங்குதாரர் அல்லர், கடன் கொடுத்தவர்கள். விதவைகளும் ஓய்வு பெற்றோரும் அரசாங்க அலுவலரும் அவர்களிடையே இருந்தனர். கடன் கொடுத்தவன் பந்தியில் முன்வரிசையில் அமர்வது மெய்தான். ஆனால் அடுப்பங்கரையில் சோறே இல்லையென்றால் முன்வரிசையால் என்ன பயன்? அந்த வீழ்ச்சியின் எதிரொலியாகவே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முன்னின்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினர்.

சென்னையில் பங்குச் சந்தை 1920-இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் மூடப்பட்டு, 1937-இல் மீண்டும் எழுந்தது. நாடெங்கும் கணிப்பொறி வழி வாணிகம் பரவிய பின் 2015-இல் அதன் பணி முடிவுற்றது. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் செபி என்னும் கண்காணிப்பு வாரியம் அதிகாரம் பெற்றது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் காகிதப் பங்குப் பத்திரம் மறைந்து, பங்குகள் டீமேட் கணக்கில் வெறும் எண்களாக வாழத் தொடங்கின. கருவி மாறிற்று, பங்கின் இயல்பு மாறவில்லை.

இனி நம் திருவெறும்பூருக்கு வருவோம். அங்கே 1965-இல் தொடங்கிய கொதிகலன் தொழிற்சாலை பாரத மிகுமின் நிறுவனத்தைச் சேர்ந்தது. அந்நிறுவனத்தின் பங்குகளில் ஒரு பகுதியை அரசு 1991-92-இல் விற்கத் தொடங்கியது. அன்றுமுதல் பாய்லர் ஆலைத் தொழிலாளியும் அந்நிறுவனத்தின் பங்காளியாக வழி பிறந்தது. அதன் பங்கைக்கொண்டு ஒரு கணக்கைப் போடலாம். 2007-இன் தொடக்கத்தில் ஒருவரிடம் 10 ரூபாய் முக மதிப்புடைய 100 பங்குகள் இருந்தன என்க. அவ்வாண்டு ஒன்றுக்கு ஒன்று போனஸ் வழங்கினர், 200 ஆயிற்று. 2011-இல் 10 ரூபாய்ப் பங்கு ஒன்றை 2 ரூபாய்ப் பங்குகள் ஐந்தாகப் பிரித்தனர், 1,000 ஆயிற்று. 2017-இல் இரண்டுக்கு ஒன்று போனஸ், 1,500 ஆயிற்று.

நூறு ஆயிரத்து ஐந்நூறாயிற்றே, செல்வம் பதினைந்து மடங்கு பெருகிற்றா? இல்லை. தேங்காயைப் பத்துச் சில்லாக உடைத்தாலும் தேங்காய் ஒன்றுதான். பங்கின் எண்ணிக்கை கூடும்போது ஒவ்வொன்றின் விலையும் அதற்கேற்பக் குறையும். போனஸ் கிடைத்தது கண்டு துள்ளுவதும், மறுநாள் விலை பாதியானது கண்டு அலறுவதும் கணக்கறியாமையால் வருவன. பழைய விலையையும் புதிய விலையையும் ஒப்பிடுபவர் இந்தப் பிரிவினைகளைக் கழித்துப் பார்த்தல் வேண்டும்.

மேலும் சில சொற்களுக்கு ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் 10 ரூபாய் முக மதிப்புள்ள ஓர் இலட்சம் பங்குகள். ஓராண்டின் நிகர இலாபம் 5 இலட்சம் ரூபாய். பங்கொன்றுக்கு ஈட்டியது 5 ரூபாய். அதில் 2 ரூபாயைப் பங்குதாரருக்கு ஈவுத்தொகையாகப் பகிர்ந்து, 3 ரூபாயைத் தொழிலிலேயே விட்டு வைக்கிறார்கள். சந்தையில் பங்கின் விலை 80 ரூபாய். விலையை ஈட்டத்தால் வகுத்தால் 16 வருகிறது. ஒரு ரூபாய் ஆண்டு இலாபத்துக்குச் சந்தை 16 ரூபாய் கொடுக்கிறது என்பது பொருள். விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் 80 இலட்சம். கம்பெனியின் சந்தை மதிப்பு என்பது இதுவே.

"20 விழுக்காடு ஈவுத்தொகை" என்று அக்கம்பெனி அறிவிக்கும். அதனைக் கேட்டதும் வங்கி வட்டியைவிட மிகுதி என்று மயங்குதல் கூடாது. அந்த 20 விழுக்காடு 10 ரூபாய் முக மதிப்பின்மீது கணக்கிட்டது. 80 ரூபாய் கொடுத்து வாங்கியவருக்குக் கிடைப்பதும் அதே 2 ரூபாய்தான்; அவர் போட்ட பணத்துக்கு அது இரண்டரை விழுக்காடு. விழுக்காடு எதன்மீது என்று கேளாமல் எந்த விழுக்காட்டையும் நம்ப வேண்டா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நான் ஓயாமல் சொல்லி வந்த பாடம் இது, பெரியவர்களுக்கும் பொருந்தும்.

சந்தை விலையைப் பற்றி இன்னொன்று. முகூர்த்த நாளில் திருவரங்கத்துப் பூக்கடையில் மல்லிகை என்ன விலை விற்கிறது என்றால், கடைசியாக ஒருவர் கொடுத்த விலையைச் சொல்வார்கள். அன்று பூத்த மல்லிகை முழுவதும் அந்த விலைக்குப் போகும் என்பதற்கு உறுதி இல்லை. பங்கின் விலையும் அத்தகையதே. நாளை எவ்வளவு ஈட்டும் என்று வாங்குவோரும் விற்போரும் கருதுகிறார்களோ அந்தக் கருத்து மோதுமிடத்தில் விலை நிற்கிறது. குறியீட்டெண் என்பது, தேர்ந்தெடுத்த சில பெரிய நிறுவனங்களின் விலைப் போக்கைத் திரட்டிக் காட்டும் எண். சென்செக்ஸ் 30 நிறுவனங்களையும் நிப்டி 50 நிறுவனங்களையும் கொண்டவை. ஊரில் சராசரி மழை நன்றாகப் பெய்தது என்பதால் நம் வயலிலும் பெய்தது ஆகாது.

இறுதியாக, நம் அண்டை ஊரில் அண்மையில் நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று. கரூரில் 1926-இல் வணிகர் எழுவர் கூடி லட்சுமி விலாஸ் வங்கியைத் தொடங்கினர். கொங்கு நாட்டிலும் காவிரிக் கரையிலும் வணிகரின் நம்பிக்கையைப் பெற்று அது வளர்ந்தது. பிற்காலத்தில் கொடுத்த கடன்கள் திரும்பாமல் நட்டம் மூண்டது. 2019-இல் ரிசர்வ் வங்கி அதனைத் திருத்த நடவடிக்கைக்கு உட்படுத்தியது. 2020 செப்டம்பரில் கூடிய பேரவையில் பங்குதாரர்கள் இயக்குநர் எழுவரை வேண்டா என்று வாக்களித்து நீக்கினர். பங்காளிக்கு வாக்குரிமை உண்டு என்பதை அது காட்டிற்று. ஆனால் காலம் கடந்திருந்தது. நவம்பர் 17-இல் வங்கிமீது தடையாணை வந்தது. கணக்கு வைத்திருந்தோர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலாது என்றனர். நவம்பர் 27-இல் அவ்வங்கி டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

அந்தப் பத்து நாட்களில் ஒரே வங்கியை நம்பிய இருவகை மக்களின் கதி இருவேறாயிற்று. ஏறத்தாழ 20 இலட்சம் வைப்பாளர்களின் பணம் புதிய வங்கியின் பொறுப்பாகிப் பிழைத்தது. பங்குதாரர்களின் முதலோ முழுவதும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. பங்கொன்றுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. தடையாணை வந்த பின்னும் சில நாட்கள் அப்பங்குக்குச் சந்தையில் ஒரு விலை இருந்தது. அதனை நம்பி வாங்கியவர்களும் இருந்தனர். 94 ஆண்டு நின்ற நிறுவனத்தின் பங்குக்கே இந்நிலை. ஒரே தெருவில், ஒரே வங்கியில், ஒரு வீட்டார் வைப்பு நிதியும் அடுத்த வீட்டார் பங்கும் வைத்திருந்தால், முன்னவர் காத்திருந்து பணம் பெற்றார். பின்னவர் அனைத்தையும் இழந்தார். ஏன் என்று கேட்பவருக்குச் சட்டம் சொல்லும் விடை ஒன்றே: பங்காளி கடைசிப் பந்திக்காரர். ஊழியர், வரி, வைப்பாளர், கடன் கொடுத்தோர் ஆகிய எல்லோரும் உண்டபின் எஞ்சியதே அவருக்கு. மிகுதியாக எஞ்சினால் எல்லோரையும்விட அவரே செழிப்பார். ஒன்றும் எஞ்சாவிடில் வெறும் இலையோடு எழுவார்.

இதனால் பங்கே வாங்கலாகாது என்று நான் கூறவில்லை. பலர் சிறுகச் சிறுகப் போட்ட முதலால்தான் கப்பலும் ஆலையும் வங்கியும் எழுந்தன. கடைசிப் பந்தியில் அமர ஒருவராவது முன்வராவிட்டால் சமையலே தொடங்காது. ஆனால் அமர்பவர் அது கடைசிப் பந்தி என்று அறிந்து அமர்தல் வேண்டும். ஆகவே, வாங்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இங்கே கடன் கொடுக்கிறேனா, பங்கு வாங்குகிறேனா? கொடுக்கும் விலைக்கு ஆண்டு ஈட்டம் எவ்வளவு? நிறுவனத்துக்கு எனக்கு முன்னே எவ்வளவு கடன் நிற்கிறது? இந்தப் பணம் முழுவதும் போனாலும் மகளின் மணமும் மாத மளிகையும் மருந்தும் தடைப்படாமல் நடக்குமா? நான்காவது கேள்விக்கு விடை "இல்லை" என்று வந்தால், முதல் மூன்று விடைகளும் எத்துணை இனிமையாக இருப்பினும், அந்தப் பணத்துக்குப் பங்குச் சந்தை இடமன்று. அதற்கு உழக்கு நெய்யே போதும்.